கவியரசரும் ஒரு குடையும்

சென்ற வாரம் ஆறாம் ஆண்டு மாணவர்களின் தன்கதைக் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். தலைப்பு ‘நான் ஒரு குடை’. ஒரு மாணவனின் குடை, கம்பி ஒடிந்து கதவுக்குப் பின்னால் கிடந்தது. “மழை பெய்தாலும் என்னை யாரும் தேடுவதில்லை” என்று முடித்திருந்தான். ஒற்றுப்பிழை இரண்டைச் சிவப்பு மையால் வட்டமிட்டுவிட்டு அடுத்த பயிற்சிநூலை எடுத்தேன்.

அன்றிரவு வானொலியில் கண்ணதாசன் பாடலொன்று ஒலித்தது. திரைப்பாடல் பிறர் வாய்க்கு எழுதப்படுவது. சூழல் இயக்குநருடையது, மெட்டு இசையமைப்பாளருடையது, முகமும் குரலும் வேறு இருவருடையவை. இத்தனை பேருக்கு நடுவே கவிஞர் தம்மை எங்கே வைப்பார்?

1927இல் சிறுகூடல்பட்டியில் முத்தையாவாகப் பிறந்தவர் அவர். சிறுவயதிலேயே தத்துக் கொடுக்கப்பட்டார். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. நாத்திகம் பேசியவர், 1961இல் தி.மு.க.விலிருந்து விலகினார், பின்னாளில் ‘அர்த்தமுள்ள இந்துமதம்’ எழுதினார். 1960இல் அவர் தயாரித்த படமொன்று அவரைக் கடனில் ஆழ்த்தியது. அப்படத்தின் பெயர் ‘கவலை இல்லாத மனிதன்’! தம் சறுக்கல்களை ‘வனவாசம்’ நூலில் அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கின்றார். அதைப் படித்தபின் அவருடைய அறுபதுகளின் சோகப் பாடல்களைக் கேட்டுப் பாருங்கள். நம்பியவர் கைவிட்ட வலியும், இறைவனிடமே வழக்காடும் துணிவும் வேறுவிதமாக ஒலிக்கும்.

ஒவ்வொரு பாடலுக்கும் பின்னால் ஒரு சொந்தக் கதையைப் பொருத்திச் சொல்பவர்கள் உண்டு. அவற்றை நான் முழுமையாக நம்புவதில்லை. ஆயினும், ஏமாந்த கதைமாந்தன் ஒருவன் வந்து நின்றபோது, அவனுக்கான சொற்களை அவர் வெளியே தேடியிருக்கமாட்டார். தன்வரலாற்றில் ‘இது என் தவறு’ என்று எழுத வேண்டியதைப் பாட்டில் யாரோ ஒருவனின் துயரமாக எழுதிவிடலாம். அந்த மறைவே எழுதுபவனுக்குத் துணிவு தருகின்றது. (1959இல், 29 வயதில் மறைந்த பட்டுக்கோட்டையார் வேறு வகை. அவர் பாடல்களில் உழைப்பவனின் பசி நேராகவே பேசும். அவரைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.)

பாடல் முடிந்ததும் அந்தக் குடை நினைவுக்கு வந்தது. பொருளின் வாயால் பேசு என்று கற்றுக்கொடுத்தவன் நான்தானே?

மறுநாள் ஓய்வு நேரத்தில் அவனை அழைத்தேன். “குடையை ஏன் யாரும் தேடவில்லை?” என்று கேட்டேன். நெடுநேரம் தரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“அப்பா இப்போது எங்களோடு இல்லை, ஐயா.”

மணி அடித்தது. இன்று மாலை அவன் தாயாரைத் தொலைபேசியில் அழைக்கவிருக்கின்றேன்.