இலை போடும் இடத்தில் பூட்டா?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படிக்கவும்.

எங்கள் தெருக் கோயிலின் முன்மண்டபத்துக்குக் கிரில் கதவு போடலாம் என்று கமிட்டியில் பேச்சு நடக்கிறது. இரவில் மூன்று நான்கு பேர் வந்து அங்கே படுக்கிறார்கள். ஒருவர் வயதானவர், பேச்சு குழறும். இன்னொருவருக்குத் தமிழே தெரியாது, வடக்கிலிருந்து வேலை தேடி வந்தவர் போலிருக்கிறது.

கிரில் கேட்பவர்களை இரக்கமற்றவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். காலையில் வாசல் தெளிக்க வரும் அம்மாதான் அங்கே கிடக்கும் அசிங்கத்தையெல்லாம் கழுவுகிறார். உண்டியல் பயமும் இருக்கிறது. ஆனால் இதே மண்டபத்தில்தான் அமாவாசைதோறும் இருநூறு பேருக்கு அன்னதானம் போடுகிறோம். பகலில் இலை போடும் இடத்தில் இரவில் பூட்டுப் போடுவதா என்பதுதான் என் கேள்வி.

கோயில் இருக்கும் ஊர்களில் நம் முன்னோர் சத்திரம் ஏன் கட்டினார்கள்? வழிப்போக்கனுக்குச் சோறு மட்டும் போதாது, தலைசாய்க்க இடமும் வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801இல் ஆங்கிலேய அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில் தம் சத்திரங்களைப் பற்றி விவரமாகச் சொல்லியிருக்கிறார். எல்லாச் சாதி வழிப்போக்கர்களுக்கும், பக்கீர்களுக்கும்கூட உணவு. நோயில் விழுந்தால் வைத்தியம். கர்ப்பிணிகளுக்குக் கவனிப்பு. அநாதைக் குழந்தைகளுக்கு ஆதரவு. அவர் கட்டிய முக்தாம்பாள் சத்திரம் ஒரத்தநாட்டில் இன்றும் இருக்கிறது.

வள்ளலார் 1867 மே 23 அன்று வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. பசித்து வந்தவனிடம் நீ எந்த ஊர், என்ன சாதி, என்ன சமயம் என்று கேட்கக்கூடாது என்பது அவர் வகுத்த நெறி.

மற்ற சமயங்களிலும் போதனைக்குக் குறைவில்லை. பைபிளில் யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தைப் பாருங்கள். பொன்மோதிரம் போட்டு வந்தவனுக்கு நல்ல இடமும், அழுக்கு உடையோடு வந்த ஏழைக்கு ஓரமும் காட்டுகிற சபையை அது கண்டிக்கிறது. இஸ்லாத்தில் ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் வழிப்போக்கரும் ஒருவர்.

போதனை சரியாகத்தான் இருக்கிறது. கோளாறு வாசலில்தான். ஓர் ஊரில் அன்னதான வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் கிழிந்த சட்டையோடு ஒரு பெரியவர். டோக்கன் கொடுப்பவர் அவரை ஒதுங்கி நிற்கச் சொன்னார். பிறகு வெளியே வைத்துக் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தார்கள். உள்ளே சாப்பிட்டதும் அதே சாம்பார் சாதம்தான். ஆனால் இலையில் விழுந்தால் விருந்து, பொட்டலமாக வெளியே வந்தால் பிச்சை. பெரியவருக்கு அது நன்றாகவே புரிந்தது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

ஓய்வுக்குப் பிறகு அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குப் போயிருந்தேன். நான்கு பக்கமும் வாசல். லங்கரில் எல்லோரும் தரையில், ஒரே வரிசையில். தூரத்திலிருந்து வருபவர்கள் தங்குவதற்கும் ஏற்பாடு உண்டு. என் ஒரு பக்கம் வசதியான குடும்பம், மறுபக்கம் காலில் செருப்பில்லாத கூலியாள். இருவர் தட்டிலும் ஒரே ரொட்டி, ஒரே பருப்பு. ஒரு வித்தியாசமும் இல்லை.

முப்பத்தைந்து வருடம் சத்துணவுப் பந்தியைப் பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். "ஏய், தட்டை நீட்டு" என்றால் பிள்ளை தலைகுனிந்து சாப்பிடும். "முருகா, இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்றால் நிமிர்ந்து சாப்பிடும். பெரியவர்களும் அப்படித்தான்.

வரும் ஞாயிறு கமிட்டிக் கூட்டத்தில் நான் மூன்று விஷயங்களைக் கேட்கப் போகிறேன். கருவறைக்கும் உண்டியலுக்கும் நல்ல பூட்டாகப் போடுவோம், மண்டபம் திறந்திருக்கட்டும். பின்பக்கம் ஒரு கழிப்பறையும் குழாயும் வைப்போம், வாசல் தெளிக்கும் அம்மாவின் பாடு குறையும். கடைசியாக, அங்கே படுப்பவர்களிடம் உட்கார்ந்து பேசிப் பெயரும் ஊரும் கேட்போம். லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்று 2010இலேயே உச்ச நீதிமன்றம் நகரங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. நகராட்சியிடம் விசாரித்து, விருப்பமுள்ளவர்களை அங்கே சேர்த்துவிடலாம். உடம்பு முடியாதவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போகலாம்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் பள்ளிவாசல், தேவாலயம், கோயில் என்று எல்லாக் கதவுகளும் திறந்தன. வெள்ளம் வந்தால் திறக்கத் தெரிந்த நமக்கு, ஒரு தனி மனிதன் வந்து நின்றால் ஏன் தயக்கம்?

உங்கள் ஊர்க் கோயில், சர்ச், பள்ளிவாசலில் இரவு வந்து படுப்பவரை என்ன செய்கிறார்கள்? எழுதுங்கள். நல்ல யோசனை இருந்தால் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் வாசித்துக் காட்டுகிறேன்.