கிணறும் சான்றிதழும்

சென்ற ஆண்டு சோளகக் காலத்தில், காலநிலை மாற்றம் பற்றி ஆசிரியர்களுக்கென நடத்தப்பெற்ற இணையவழிப் பாடநெறியொன்றைப் பயின்று முடித்தோம். இரவு பத்து மணிக்குப் பின்னரே எம் வீட்டில் இணைப்பு ஓரளவு சீராகக் கிடைக்கும். ஆதலின் துருவப் பனி உருகுவதை நாம் கண்டதெல்லாம் நுளம்பு வலைக்குள் இருந்தபடிதான். தமிழ் படிப்பிப்பவருக்கு இது எதற்கென்று நண்பர்கள் நகைத்தார்கள். ஆங்கிலத்தில் ஒரு சான்றிதழ் வந்தது. அதைக் கண்டு சிறிது பெருமிதமும் கொண்டோம், மறைப்பானேன்?

பத்தாந் தரத்தில் கற்றதை எடுத்துரைத்தபோது, பின் வாங்கிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"சேர், எங்கட தோட்டக் கிணறு இப்ப உவராப் போச்சு. அதுவும் இந்தப் பாடத்திலை இருக்கோ?"

இருக்கவில்லை. பனிக்கரடி இருந்தது, வடமராட்சிக் கிணறு இருக்கவில்லை. "பிள்ளை, நாளைக்குச் சொல்லுறன்" என்று தப்பினோம். அன்றிரவு புவியியல் படிப்பிக்கும் நண்பரின் வீட்டுக் கதவைத் தட்டினோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணக்கல் வெடிப்புகளினூடே இறங்கி, அடியிலுள்ள கடல்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதக்கின்றது. கடல்நீர் நன்னீரிலும் நாற்பதில் ஒரு பங்குதான் பாரங் கூடியது. ஆகவே கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி நிற்கும். மேலே ஓரடி குறைந்தாலோ, அடியிலிருந்து உவர் நாற்பதடி ஏற முனையும். 1900 ஆம் ஆண்டிலிருந்து உலகக் கடல் மட்டம் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் உயர்ந்துள்ளது உண்மையே. எனினும் பழி முழுவதையும் கடலின்மீது சுமத்துவது நேர்மையன்று. அவள் தந்தையாரின் இறைப்பு இயந்திரத்துக்கும் அதிற் பங்குண்டு. வெங்காயக் கடன் கழுத்தை நெரிக்கும் மனிதரிடம் இறைப்பைக் குறையுங்கள் என்று எந்த வாயால் உரைப்பது?

உலகம் வெளியிடும் கரியில் இலங்கையின் பங்கு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. காலநிலைக் கல்வியில் அரசுகள் ஒத்துழைக்க வேண்டுமென்று 2015 ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கை, தன் பன்னிரண்டாம் உறுப்புரையிற் கூறுகின்றது. அந்தக் கல்விக்கான டேற்றாச் செலவோ ஆசிரியரின் சட்டைப்பையிலிருந்து போகின்றது. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, ஒரு கைத்தொலைபேசியை மூன்று பிள்ளைகள் பங்கிட்ட வீடுகளை நாம் அறிவோம்.

ஆயினும் இணையத்தை வெறுத்தொதுக்க எமக்கு மனமில்லை. அப்பாடநெறியின் கலந்துரையாடலிலேதான் பதுளைப் பக்கத்துத் தோட்டப் பள்ளி ஆசிரியை ஒருவரை அறிந்துகொண்டோம். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுட் புதைந்ததை மறவாதவர் அவர். நிலத்திற் புதிய வெடிப்புத் தோன்றினால், ஊற்றுநீர் திடீரெனக் கலங்கினால் உடனே வெளியேற வேண்டுமென்று தம் மாணவருக்குப் பழக்கி வருகின்றார். பாடநெறியின் ஆறு வாரங்களும் தராததை, அவர் தமிழில் எழுதிய பத்து வரிகள் எமக்குத் தந்தன.

இப்பொழுது எம் மாணவர் பதினேழு பேர் மாதந்தோறும் தத்தம் வீட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தைக் கயிறு விட்டு அளக்கின்றனர். உவரின் அளவை விஞ்ஞான ஆசிரியரின் கருவி காட்டுகின்றது. கொப்பியின் பக்கங்களைப் படம் பிடித்துப் பதுளைக்கு அனுப்புகின்றோம்; அங்கிருந்து மழையின் அளவு வருகின்றது. அந்தப் பிள்ளையின் தந்தையார் இன்னும் இறைத்துக்கொண்டுதான் இருக்கின்றார். ஆனால் சென்ற மாதம் கொப்பியை வாங்கி, தம் கிணற்றுக்குரிய பக்கத்தை நெடுநேரம் பார்த்தாராம்.