தூரிகையும் அச்செழுத்தும்

கையால் எழுதும்போது ஓர் எழுத்து இருமுறை ஒரே வடிவில் அமைவதில்லை. ஒரு கடிதத்தில் நூறு முறை வரும் எழுத்து நூறிடத்தும் சிறிது சிறிது வேறுபட்டே நிற்கும். அச்செழுத்தின் இயல்போ இதற்கு நேர்மாறானது; எங்கே வரினும் ஒரே முகத்தையே காட்டும். இவ்விரண்டையும் இணைக்க முயன்றவர்களுள் என் உள்ளம் கவர்ந்தவர் ரோஜே எக்ஸ்கோபோன்.

அவர் பிரான்சு நாட்டின் மார்சேய் நகரில் 1910ஆம் ஆண்டு பிறந்தவர். அந்நகரிலிருந்த ஒலிவ் எழுத்து வார்ப்புச்சாலைக்காகத் தம் கையெழுத்தையே அடிப்படையாகக் கொண்டு ஓர் ஆங்கில, பிரெஞ்சு எழுத்து வரிசையை அமைத்தார். 1953இல் அது வெளிவந்தது. அதன் பெயர் ‘மிஸ்ட்ரல்’. ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் வழியே வடக்கிலிருந்து சீறி வரும் குளிர்காற்றின் பெயர் அது. மிகப் பொருத்தமான பெயர்! எழுதியவர் கையை எடுக்காமலே விரைந்து சென்றுவிட்டார் என்று தோன்றும். கோடுகளின் விளிம்பு, மை வற்றிய தூரிகை தீட்டியதுபோல் சற்றே சொரசொரப்பாக இருக்கும்.

அமெரிக்காவில் 1942இல் ராபர்ட் ஸ்மித் வரைந்த ‘பிரஷ் ஸ்கிரிப்ட்’ என்பதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. அதுவும் அழகியதுதான், ஆயினும் அதில் விளம்பரப் பலகையின் ஒழுங்கைக் காண்கிறேனேயன்றி, ஒரு மனிதரின் கையைக் காண்பதில்லை.

அக்கால அச்செழுத்துகள், ஈயமும் வெள்ளீயமும் ஆண்டிமனியும் கலந்து வார்த்த தனித்தனித் துண்டுகள் அல்லவா? அவற்றில் ஓடும் கோடு அறாமல் செல்வது எங்ஙனம்? விடை எளிது, செயலோ அரிது. ஓர் எழுத்தின் கடைக்கோடு துண்டின் வலப்பக்க விளிம்புவரை வந்து நிற்க வேண்டும். அடுத்த எழுத்து அதே உயரத்தில் இடப்பக்க விளிம்பிலிருந்து தொடங்க வேண்டும். எதன் அருகில் எது வரும் என்று முன்கூட்டி அறிய இயலாது. ஆதலால் ஒவ்வோர் எழுத்தும் மற்ற எல்லாவற்றோடும் கைகோக்குமாறு அமைதல் வேண்டும். கட்டின்றித் துள்ளுவதுபோலத் தோன்றும் இவ்வெழுத்தே பிற எழுத்துகளினும் கட்டுப்பாடு மிகுந்தது!

கடைப்பலகை, அழைப்பிதழ், உணவு விடுதியின் விலைப்பட்டியல் ஆகியவற்றிற்கு இது நன்கு பொருந்தும். 2011இல் வெளிவந்த ‘டிரைவ்’ என்னும் ஆங்கிலத் திரைப்படத்தில் கலைஞர்களின் பெயர்கள் இளஞ்சிவப்பு நிற மிஸ்ட்ரலில் தோன்றின. ஐந்தாறு சொற்களுக்கு உயிரூட்டும் இவ்வெழுத்து, பக்கம் முழுவதும் நிறைந்தால் கண்ணைக் களைப்புறச் செய்யும். ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகளை மட்டுமே கோத்துச் சொல்லமைப்போரும் உளர். அவை ஒன்றோடொன்று இணையுமாறு வரையப்பட்டவை அல்லவாதலால், அச்சொல் கைகால் முறிந்ததுபோலக் கிடக்கும்.

எவ்வளவு திறமையாக அமைத்தாலும், ஒரே எழுத்து அடுத்தடுத்து இரண்டு வந்தால் உண்மை வெளிப்பட்டுவிடும். இரட்டைப் பிள்ளைகள்போல அவை ஒத்திருக்கும். மனிதர் கை அப்படி எழுதாது. இன்று கணிப்பொறிக்கென அமைக்கும் இத்தகைய எழுத்துகள் சிலவற்றில் ஓர் எழுத்துக்கு இரண்டு மூன்று வடிவங்கள் வைத்து, மாறி மாறி வரச் செய்கின்றனர். நல்ல உபாயமே. ஆயினும் நான்காம் முறை அவ்வெழுத்து வரும்போது, பழைய முகம் ஒன்று திரும்பவும் எட்டிப் பார்க்கிறது.