அரியணையில் அமர்ந்த பாடகர்

இளமையில் நம்மை ஆட்கொண்ட கலைஞரை அவருடைய முதுமையில் மேடையில் காண்பது ஒரு சோதனை. அச்சோதனை கலைஞருக்கு மட்டும் உரியதன்று, இரசிகனுக்கும் உரியது. ஒலிநாடாவில் பதிந்துவிட்ட குரலுக்கு வயது ஏறுவதில்லை. அக்குரலுக்கு உரிய மனிதருக்கோ ஆண்டுதோறும் ஏறுகிறது. நினைவில் இருப்பவரையும் நேரில் இருப்பவரையும் ஒருசேரக் காணும்போது, மகிழ்வதா கலங்குவதா என்று அறியாமல் உள்ளம் தவிக்கிறது.

2025 ஜூலை 5ஆம் நாள் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில், வில்லா பார்க் கால்பந்துத் திடலில், 'பிளாக் சபாத்' இசைக்குழுவின் இறுதி நிகழ்ச்சி நடைபெற்றது. கட்டணம் செலுத்தி அதனை இணையத்தின் வழியே காணும் வசதியும் இருந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அக்குழுவைக் கேட்டு வரும் நான், கோலாலம்பூரில் விடியும் வேளையில் அவர்களைத் திரையில் கண்டேன். அன்று எழுந்த இருவேறு உணர்ச்சிகள் இன்னும் அடங்கவில்லை.

ஹெவி மெட்டல் என்னும் இசைக்கு அடித்தளம் இட்டவர்கள் என்று போற்றப்படும் அந்நால்வரும் பர்மிங்காமின் ஆஸ்டன் பகுதியைச் சேர்ந்த தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். கிதார் வாசிக்கும் டோனி அயோமி, பதினேழாம் வயதில் உலோகத் தகட்டு ஆலையில் வேலை செய்தபோது, இயந்திரத்தில் சிக்கி வலக்கையின் இரு விரல் நுனிகளை இழந்தார். அவர் இடக்கையர், ஆகவே, நரம்புகளை அழுத்த வேண்டிய விரல்களே போயின. மனம் உடைந்திருந்த அவருக்கு ஆலையின் மேற்பார்வையாளர் ஓர் இசைத்தட்டைக் கொடுத்தார். அது, தீக்காயத்தால் இரு விரல்கள் செயலிழந்த நிலையிலும் கிதார் வாசித்துப் புகழ்பெற்ற ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசை. அயோமி நிமிர்ந்தார். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி, விரல் நுனிகளுக்கு உறை செய்து மாட்டிக்கொண்டார். மெல்லிய நரம்புகளைப் பூட்டினார். பிற்பாடு சுருதியையும் தாழ்த்தினார். கனத்து, இருண்டு, நிலம் அதிர ஒலிக்கும் அந்த நாதத்தில் அக்காயத்திற்கும் பங்குண்டு.

இளமையில் நான் அந்தப் பாடல்களை வீட்டில் ஒலிக்க விடும்போதெல்லாம், "இது பாட்டா, ஆலைச் சத்தமா?" என்று அம்மா கேட்பார். அன்று எனக்குச் சினம் வந்தது. இன்று எண்ணிப் பார்த்தால், எந்த விமர்சகரும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை என்றே தோன்றுகிறது.

இறுதி நிகழ்ச்சி என்ற அறிவிப்பை நான் முழுமையாக நம்பவில்லை. பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் 1992ஆம் ஆண்டிலேயே, இனிப் பயணமில்லை என்று பொருள்படும் பெயரில் ஓர் இசைப் பயணம் மேற்கொண்டார். பின்னர் மீண்டும் வந்தார். 2017 பிப்ரவரி 4ஆம் நாள், இதே பர்மிங்காமில் குழுவும் விடைபெற்றது. தொடக்ககாலத் தாளக் கலைஞர் பில் வார்டு அன்று மேடையில் இல்லை. விடைபெற்றவர்கள் மீண்டும் விடைபெற வருகிறார்கள் என்றால் ஐயம் எழுவது இயல்புதானே? ஆயினும், இம்முறை வருவாய் பார்க்கின்சன் நோய்க்குத் தீர்வு தேடும் அமைப்புக்கும், குழந்தைகள் மருத்துவமனைக்கும், நோயுற்ற சிறாரைப் பேணும் இல்லத்திற்கும் என்று அறிவிக்கப்பட்டது. நால்வரும் 2005ஆம் ஆண்டிற்குப் பிறகு முதன்முறையாக ஒன்றுகூடினர். என் ஐயம் சற்றே தளர்ந்தது.

மெட்டாலிகா முதலிய பெருங்குழுக்கள் பகலெல்லாம் வாசித்து முடித்த பின்னர், மேடையின் அடியிலிருந்து ஒரு கறுப்பு அரியணை மேலெழுந்தது. அதில் ஆஸி அமர்ந்திருந்தார். வயது 76. பார்க்கின்சன் நோய் தமக்கு இருப்பதை 2020ஆம் ஆண்டிலேயே அவர் உலகுக்குத் தெரிவித்திருந்தார். ஒரு காலத்தில் மேடையெங்கும் துள்ளித் திரிந்து, வாளி வாளியாகக் கூட்டத்தின்மீது நீரை வாரி இறைத்தவர் அவர். இன்று எழுந்து நிற்கவும் இயலவில்லை. எழ முயல்வதும் அமர்வதுமாக இருந்த அவரை என்னால் தொடர்ந்து பார்க்கவும் முடியவில்லை; பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

நம் கச்சேரி மேடையில் பாடகர் அமர்ந்து பாடுவதே மரபு. முதுபெரும் வித்துவானின் குரல் தளர்ந்தால், பின்னால் இருக்கும் சீடர் தாங்கிப் பிடிப்பார். அதை யாரும் குறையாகக் கொள்வதில்லை. இந்த இசையோ உடல் வலிமையையே கொடியாக உயர்த்திய இசை. இங்கே முதுமையை மறைத்துக்கொள்ளத் திரையில்லை. ஆகவேதான் உள்ளம் உறுத்தியது. நோயுற்ற முதியவரை மேடையேற்றி வேடிக்கை பார்க்கிறோமோ? அவருடைய நடுக்கத்துக்கும் சேர்த்தே நுழைவுச்சீட்டு வாங்கினோமோ?

'மாமா, ஐம் கமிங் ஹோம்' என்ற பாடலின்போது அவருடைய குரல் தடுமாறியது. உடனே திடல் முழுவதும் அப்பாடலைத் தன் குரலில் ஏந்திக்கொண்டது. சீடர் ஒருவர் செய்வதை அங்கே பல்லாயிரவர் செய்தனர். பிறகு நால்வரும் சேர்ந்து நான்கே பாடல்கள் வாசித்தனர். தாளம் சில இடங்களில் தள்ளாடியது. 77 வயது வார்டு சட்டையைக் கழற்றிவிட்டு முரசுகளை முழக்கினார். அதே வயது அயோமியின் விரல்கள், உறைகள் மாட்டிய அதே விரல்கள், பிசகின்றி நரம்புகளில் நடந்தன.

அவ்விரல்களைக் கண்டபோது ஓர் உண்மை துலங்கியது. நான் குறையற்ற உடல்களைத் தேடினேன்; இந்த இசையோ குறைபட்ட கையிலிருந்து பிறந்தது. இழந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்ற கேள்விக்குப் பதினேழு வயது இளைஞர் கண்ட விடைதான் அந்த நாதம். அதே கேள்விக்கு 76 வயது முதியவர் அளித்த விடை அந்த அரியணை. தம்மை எவரும் இழுத்து வரவில்லை, தாம் பிறந்த மண்ணில் பாடித்தான் விடைபெற வேண்டும் என்று விரும்பி வந்தார் என்பதை அவருடைய முகமே சொல்லிற்று.

ஜூலை 22ஆம் நாள் ஆஸி மறைந்தார். மேடையேறிப் பதினேழே நாள்கள். அச்செய்தி கேட்டபின் என் உறுத்தல் முற்றும் நீங்கிவிட்டது என்று சொல்லமாட்டேன். அந்த உழைப்பு அவருடைய நாள்களைக் குறைத்ததா, கூட்டியதா என்று யாரால் கூற முடியும்? ஆனால், கலைஞர் முதுமை அடையக்கூடாது என்று இரசிகன் விரும்புவது பெரும்பாலும் தன் இளமைக்காகவே. அதை அவர்களிடம் திருப்பிக் கேட்பது நியாயமன்று. நமக்கு அவர்கள் தரவேண்டியது எதுவும் பாக்கியில்லை. தளர்ந்த குரலைத் தாங்கிப் பிடிக்கும் கடன் நம்முடையது.