அட்டவணையைக் காத்தவர்கள்

ஒரு புறநகர் ரயில்பாதை ஒரே நாளில் மூடப்படுவது அரிது. மூடல் அறிவிப்பு நிலையச் சுவரில் ஒட்டப்படுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே காலை நேரத்து வண்டி ஒன்று அட்டவணையிலிருந்து நீங்கியிருக்கும். அதை நம்பி வேலைக்குச் சென்றவர்கள் பேருந்துக்கோ சொந்த வாகனத்துக்கோ மாறியிருப்பார்கள். பயணச்சீட்டு அறை பூட்டப்பட்டு, நடைமேடைக் கூரை பிரிக்கப்பட்டு, இருட்டிய பின் அங்கே தனியாக நிற்கப் பலரும் தயங்கும் நிலை வந்திருக்கும். இவ்வளவும் நடந்து முடிந்த பிறகு எடுக்கப்படும் பயணிகள் கணக்கு பொய்யாக இருப்பதில்லை. வண்டியில் உண்மையிலேயே ஆள் இருப்பதில்லை. நீர் வார்ப்பதை நிறுத்திவிட்டு, செடி வாடிவிட்டதே என்று பிடுங்க வருவது போன்ற இந்த நடைமுறையைப் பிரிட்டனின் ரயில் பயணிகள் 1960களிலிருந்து நன்கு அறிவார்கள். அங்கே தம் பகுதி ரயிலுக்காகப் போராடிய குடியிருப்பாளர்கள் காத்தது தண்டவாளத்தை என்பதைவிடக் கால அட்டவணையை என்று சொல்வதே பொருந்தும். லண்டனின் வடபகுதியையும் கிழக்குப் பகுதியையும் இணைக்கும் காஸ்பெல் ஓக்–பார்கிங் பாதையின் வரலாறு இதற்குத் தெளிவான சான்று.

ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதையின் பெரும்பகுதி பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வெவ்வேறு நிறுவனங்களால் துண்டு துண்டாகப் போடப்பட்டது. மேற்குப் பகுதி 1868இலும், டாட்டன்ஹாமிலிருந்து கிழக்கே செங்கல் வளைவுகளின்மேல் வீட்டுக் கூரைகளுக்கு இணையாக ஓடும் பகுதி 1894இலும் திறக்கப்பட்டன. லண்டனின் ரயில்பாதைகளில் பெரும்பாலானவை நகர மையத்திலிருந்து வெளியே செல்லும் ஆரப் பாதைகள். இதுவோ மையத்தைத் தொடாமல், அந்த ஆரங்களைக் குறுக்கே வெட்டிச் செல்லும் சுற்றுப் பாதை. அலுவலகங்கள் எல்லாம் நடுநகரில் இருப்பதாகவே எண்ணித் திட்டமிட்டவர்களுக்கு இது எங்கும் போய்ச் சேராத பாதையாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் மருத்துவமனை, பள்ளி, கிடங்கு, கடை ஆகியவற்றில் வேலை செய்பவர்கள் ஒரு புறநகரிலிருந்து இன்னொரு புறநகருக்கே செல்கிறார்கள்; அப்பர் ஹாலோவே நிலையத்துக்கு அருகிலுள்ள விட்டிங்டன் மருத்துவமனைக்கு லேட்டனிலிருந்து வேலைக்கு வருபவருக்கு நடுநகர் வழியாகச் சுற்றி வருவது வீண் செலவு. பாதையின் கிழக்குக் கோடியில் உள்ள உட்கிரேஞ்ச் பார்க் நிலையத்தைச் சூழ்ந்த மனோர் பார்க், ஈஸ்ட் ஹாம் பகுதிகளில் ஈழத்தமிழர் பெருந்தொகையாகக் குடியேறியிருப்பதாலும், லண்டன் ஸ்ரீ முருகன் கோயில் மனோர் பார்க்கிலேயே அமைந்திருப்பதாலும், இந்தப் பாதையின் பெயர் தமிழர் பலருக்கும் புதிதன்று.

பிரிட்டிஷ் ரயில்வே வாரியத்தின் தலைவராக இருந்த ரிச்சர்ட் பீச்சிங் 1963 மார்ச் 27 அன்று வெளியிட்ட அறிக்கை, ஏறத்தாழ 5,000 மைல் பாதையையும் 2,000க்கும் மேற்பட்ட நிலையங்களையும் மூடப் பரிந்துரைத்தது. மொத்தப் பாதை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு, பயணி-மைல் கணக்கில் ஒரு சதவீதத்தை மட்டுமே சுமக்கிறது என்பது அதன் புகழ்பெற்ற வாதம். ஒரு பயணி ஒரு மைல் தூரம் செல்வதே ஒரு பயணி-மைல் எனப்படும். அந்தக் கணக்குக்கு அடிப்படையாக அமைந்தது 1961 ஏப்ரலில் ஒரே ஒரு வாரம் நடத்தப்பட்ட கணக்கெடுப்பு. காஸ்பெல் ஓக்–பார்கிங் பாதையின் அன்றைய சேவையும், அதன் அண்டைப் பாதையான பிராட் ஸ்ட்ரீட்–ரிச்மண்ட் வழித்தடமும் மூடப்பட வேண்டியவற்றின் பட்டியலில் இடம்பெற்றன. வியப்பு என்னவென்றால், அதே 1963ஆம் ஆண்டில்தான் கிறிஸ்டோபர் ஃபாஸ்டர், மைக்கேல் பீஸ்லி என்னும் இரு பொருளியலாளர்கள், லண்டனில் அப்போது கட்டப்பட்டு வந்த விக்டோரியா சுரங்க ரயில்பாதையின் பயனில் ஒரு பகுதி அதில் ஏறவே ஏறாதவர்களுக்கும், அதாவது நெரிசல் குறைந்த சாலைகளிலும் பிற பாதைகளிலும் செல்பவர்களுக்கும், போய்ச் சேர்கிறது என்பதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். கட்டணப் பெட்டியில் விழும் காசை மட்டும் எண்ணிய ஓர் அறிக்கையும், விழாத காசின் மதிப்பையும் எண்ணிய ஓர் ஆய்வும் ஒரே ஆண்டில், ஒரே நகரில் வெளிவந்தன. அரசின் செவிக்கு முதலில் எட்டியது முன்னதுதான்.

மூடலை எதிர்க்கும் குடிமக்களுக்கு 1962ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டம் ஒரு வழியைத் திறந்திருந்தது. ஆனால் அந்த வழி மிகக் குறுகலானது. மூடல் அறிவிப்பு வந்ததும் பயணிகள் தம் எதிர்ப்பை எழுத்தில் தெரிவிக்கலாம், போக்குவரத்துப் பயன்படுத்துவோர் கலந்தாய்வுக் குழு எனப்பட்ட வட்டார அமைப்பு அவற்றைத் திரட்டி, தேவையானால் பொது விசாரணை நடத்தி, மூடலால் பயணிகளுக்கு நேரக்கூடிய துன்பத்தைப் பற்றி மட்டும் அமைச்சருக்கு அறிக்கை தரும், முடிவு அமைச்சருடையது. துன்பத்தைப் பற்றி மட்டும் என்பதில்தான் சிக்கல் இருந்தது. ரயில்வே காட்டிய நட்டக் கணக்கு சரியா, செலவைக் குறைத்து வண்டியை ஓட்ட முடியாதா, அட்டவணையை மாற்றினால் பயணிகள் பெருகமாட்டார்களா என்ற கேள்விகள் அந்த விசாரணையின் வரம்புக்குள் வரவில்லை. ஆகவே, பாதையின் போக்கை அதிகாரிகளைவிட நன்கு அறிந்த ஒருவர்கூட, தம் அறிவை வெளியில் வைத்துவிட்டு, பேருந்தில் போனால் எத்தனை நிமிடம் கூடுதலாகும், முதிய தாயைப் பார்க்கப் போவது எப்படித் தடைப்படும் என்று முறையிட மட்டுமே உள்ளே அனுமதிக்கப்பட்டார். குடிமகனைப் பாதிக்கப்பட்டவனாக மட்டும் கேட்டு, அறிந்தவனாகக் கேட்க மறுக்கும் இத்தகைய ஏற்பாடு பிரிட்டனுக்கு மட்டும் உரியதன்று என்றாலும், அங்கே அது சட்டத்தின் சொற்களிலேயே எழுதப்பட்டிருந்தது. இந்த முறையின் உச்சத்தையும் அபத்தத்தையும் ஒருசேரக் காண விரும்புவோர், வடஇங்கிலாந்தின் செட்டில்–கார்லைல் பாதைக்காக எழுந்த எதிர்ப்பைப் பார்க்கலாம்: 1989இல் மூடல் திட்டம் கைவிடப்படுவதற்குமுன் பதிவான ஏறத்தாழ 22,000 எதிர்ப்புகளில் ஒன்று, பயணச்சீட்டு வாங்கிப் பயணம் செய்த ஒரு நாயின் பாதச்சுவடு.

காஸ்பெல் ஓக்–பார்கிங் பாதை அன்றைய மூடலிலிருந்து தப்பியது. சமூகத்துக்குத் தேவையான ஆனால் வருவாய் ஈட்டாத சேவைகளுக்கு அரசு மானியம் தரலாம் என்று 1968ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றுக்கொண்ட பிறகு, இத்தகைய பாதைகளை உடனே மூட வேண்டிய கட்டாயமும் தளர்ந்தது. ஆயினும் மூடாமல் விடுவது வேறு, பேணுவது வேறு. நிலையக் கட்டடங்கள் இடிக்கப்பட்டன, ஊழியர்கள் விலக்கிக்கொள்ளப்பட்டார்கள், இரண்டு பெட்டி டீசல் வண்டிகள் மின்மயமான பாதைகளுக்கு நடுவே புகைந்துகொண்டு ஓடின. சட்டப்படி உயிரோடிருக்கும் ஒரு பாதையை நடைமுறையில் எவ்வளவு மெலியவிடலாம் என்பதற்கு மான்செஸ்டர் அருகேயுள்ள ஸ்டாக்போர்ட்–ஸ்டேலிபிரிட்ஜ் பாதை எல்லைக்கல்லாக நிற்கிறது: மூடல் நடைமுறையின் தொல்லையைத் தவிர்ப்பதற்காகவே பல்லாண்டுகளாக அங்கே வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் வண்டி விடப்படுகிறது. நாடாளுமன்ற ரயில் என்று மக்கள் பெயரிட்டிருக்கும் இவ்வகை வண்டி பயணிகளுக்காக ஓடுவதில்லை, சட்டத்துக்காக ஓடுகிறது.

பார்கிங் பாதை அந்த நிலைக்கு இறங்காததற்குப் பயணிகள் குழுவின் விடாத கவனிப்பு ஒரு காரணம். பிரிட்டனில் பாதைதோறும் இத்தகைய ரயில் பயணிகள் குழுக்கள் உண்டு. ஊதியமில்லாத, பெரும்பாலும் நடுவயது கடந்த உறுப்பினர்களைக் கொண்ட இவை, வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சற்றே சலிப்பூட்டக்கூடியவை. ரத்தான வண்டிகளின் பதிவேடு, அட்டவணை வரைவின்மீது பக்கம் பக்கமாக எழுதப்படும் கருத்துரை, உடைந்த விளக்கைப் பற்றிய மூன்றாவது நினைவூட்டல் ஆகியவைதாம் இவற்றின் ஆயுதங்கள். ஊர்வலமும் முழக்கமும் ஓரிரு வாரம் செய்தியாகும். அமைச்சர்களும் நிறுவனங்களும் மாறிக்கொண்டே இருக்கும் துறையில் பழைய வாக்குறுதியை நினைவில் வைத்திருப்பவர் பெரும்பாலும் இந்தக் குழுவின் செயலாளர் ஒருவரே என்பதால், அவருடைய கோப்புக்கு ஊர்வலத்தைவிட ஆயுள் அதிகம். அட்டவணையில் ஒரு சிறு திருத்தம் என்ன செய்யும் என்பதை இவர்கள் அறிவார்கள்: 1981இல் இப்பாதையின் மேற்கு முனை கென்டிஷ் டவுனிலிருந்து காஸ்பெல் ஓக்குக்கு மாற்றப்பட்டதும், அங்கே வட லண்டன் பாதையின் வண்டிக்கு மாறிச் செல்லும் வசதி கிடைத்து, தனித்துக் கிடந்த பாதை ஒரு வலையின் பகுதியாயிற்று.

உண்மையான திருப்பம் 2007 நவம்பரில் வந்தது. தனியார் உரிமத்தில் ஓடிக்கொண்டிருந்த இப்பாதை லண்டன் நகரப் போக்குவரத்து அமைப்பின் பொறுப்புக்கு வந்து, லண்டன் ஓவர்கிரவுண்ட் என்னும் வலையில் சேர்க்கப்பட்டது. முந்தைய உரிம முறையில் கட்டண வருவாயின் ஏற்ற இறக்கம் ஓட்டும் நிறுவனத்தைச் சார்ந்தது. புதிய ஒப்பந்த முறையில் வருவாயின் பெரும்பகுதியும் அதன் இடரும் நகர அமைப்புக்கு உரியவை, நிறுவனமோ வண்டியை ஒழுங்காக ஓட்டுவதற்குக் கூலி பெறுவது. வண்டி ஓடும் நேரம் முழுவதும் நிலையங்களில் ஊழியர்கள் நிறுத்தப்பட்டார்கள். பகலில் அரைமணிக்கு ஒன்றாக இருந்த வண்டி பின்னர் கால்மணிக்கு ஒன்றாயிற்று. பயணிகள் இல்லை என்று ஒரு காலத்தில் எழுதப்பட்ட பாதையில் ஏற இடமில்லை என்பது புதிய குறையாக எழுந்தது. 2010இல் வந்த புதிய டீசல் வண்டிகளுக்கும் இரண்டே பெட்டிகள். நீண்ட மின்வண்டி வேண்டுமென்றால் பாதையை மின்மயமாக்க வேண்டும்.

மின்மயமாக்கலுக்கான வாதத்தில்தான் பயணிகள் குழுவின் வளர்ச்சி தெரிகிறது. நெரிசலில் மூச்சுத் திணறுகிறது என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. இருபுறமும் மின்பாதைகளோடு இணைந்திருந்தும் தான் மட்டும் மின்கம்பி இல்லாதிருந்த இந்த இடைவெளியால், டில்பரி முதலிய தேம்ஸ் துறைமுகங்களிலிருந்து வரும் சரக்கு வண்டிகள் நெடுந்தூரம் மின்கம்பியின் அடியிலேயே டீசலில் ஓட வேண்டியிருக்கிறது என்பதை அவர்கள் எடுத்துரைத்தார்கள். அறுபதுகளில் துன்பத்தைச் சொல்ல மட்டும் அழைக்கப்பட்டவர்களின் வாரிசுகள், நாட்டின் சரக்குப் போக்குவரத்தைப் பற்றி அதிகாரிகளோடு சமமாக வாதிட்டார்கள். 2013 ஜூனில் அரசு இசைந்தது. பயணிகளின் நெரிசலைவிடச் சரக்குப் பெட்டிகளுக்கு அரசிடம் மதிப்பு கூடுதலோ என்ற ஐயம் எழுந்தாலும், எந்த வாதம் எடுபடும் என்று அறிந்து அதைக் கையில் எடுத்தது அவர்களின் திறமையே.

கேட்டது கிடைத்ததும் அவதி தொடங்கியது. 2016 ஜூனிலிருந்து பகுதியாகவும் பின் முழுமையாகவும் 2017 பிப்ரவரி இறுதிவரை பாதை மூடிக்கிடந்தது. வடிவமைப்பில் நேர்ந்த தவறுகளால் பணி முடியாமல், அதன் பின்னரும் மூட வேண்டியிருந்தது. நான்கு பெட்டி மின்வண்டிகள் மென்பொருள் கோளாறால் தாமதமாக, பழைய டீசல் வண்டிகளோ வேறிடத்துக்கு வாக்களிக்கப்பட்டிருந்ததால், 2019 மார்ச்சில் சேவை மீண்டும் அரைமணிக்கு ஒன்றாகச் சுருங்கியது. புதிய வண்டிகள் அவ்வாண்டு மே மாதத்தில் ஓடத் தொடங்கின. பட்ட தொல்லைக்கு ஈடாக, செப்டம்பர் மாதம் முழுதும் பயணிகள் கட்டணமின்றிச் செல்ல அனுமதிக்கப்பட்டார்கள். மூடலை எதிர்த்துப் பிறந்த ஓர் இயக்கம், தான் கேட்டு வாங்கிய முன்னேற்றத்துக்காகப் பல மாத மூடலைப் பொறுத்துக்கொள்ளும்படி அண்டை வீட்டாரிடம் சொல்ல நேர்ந்தது.

2022 ஜூலையில் பாதை கிழக்கே பார்கிங் ரிவர்சைட் வரை நீட்டிக்கப்பட்டது. தேம்ஸ் கரையில் ஏறத்தாழ 10,800 வீடுகள் எழவிருக்கும் அந்தப் புதுக் குடியிருப்பில், ரயில் வராமல் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குமேல் வீடு கட்டக்கூடாது என்ற நிபந்தனை கட்டுமான அனுமதியிலேயே சேர்க்கப்பட்டிருந்தது. இன்னும் குடிவராதவர்களுக்கு ஒப்பந்தத்தில் எழுதிக் கிடைத்த ரயிலை, தலைமுறைகளாக அங்கேயே வாழ்ந்தவர்கள் மனு எழுதிப் பெற வேண்டியிருந்தது கவனிக்கத்தக்கது. 2024இல் ஓவர்கிரவுண்ட் பாதைகளுக்குத் தனிப்பெயர் சூட்டியபோது, பெண்களுக்கு வாக்குரிமை கோரிய போராளிகளின் நினைவாக இது சஃப்ரஜெட் பாதை என்று பெயர் பெற்றது. மனுவை நம்பிப் பயனில்லை என்று முடிவுகட்டியவர்களின் பெயர், மனுக்களாலேயே பிழைத்த பாதைக்கு வாய்த்தது சற்றே வேடிக்கை. காஸ்பெல் ஓக்குக்கும் அப்பர் ஹாலோவேக்கும் இடையே 1943இல் மூடப்பட்ட ஜங்ஷன் ரோடு நிலையம், டஃப்னெல் பார்க் சுரங்க ரயில் நிலையத்துக்கு நடந்து செல்லும் தொலைவில் இருந்தது. அதை மீண்டும் திறக்க வேண்டும் என்ற கோரிக்கை மின்வண்டிகள் வந்த பிறகும் நிறைவேறாமல் நிற்கிறது.