ஏன் என்பதையும் எழுதி வைப்போம்

எமது கிராமத்துக் கடனுதவிச் சங்கத்தின் கணக்குகளைக் கணினியில் பதிவது என் வேலை. அதற்கான நிரல்களைச் செயற்கை நுண்ணறிவு உதவியாளரைக் கொண்டு எழுதுகிறேன். தேவையைத் தமிழில் சொன்னால் சில விநாடிகளில் எழுதித் தருகிறது.

அடையாள அட்டை இலக்கத்திலிருந்து பிறந்த திகதியைக் கண்டறியும் நிரலில், ‘500ஐக் கழி’ என்று ஒரு வரி உண்டு. அறியாதவருக்கு அது வீண் வரியாகத் தோன்றும். ஆனால் எமது அட்டையில் பிறந்த ஆண்டை அடுத்து வரும் மூன்று எண்கள், ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தோம் என்பதைக் குறிக்கும். பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். ஜனவரி முதலாம் திகதி பிறந்த ஆணுக்கு 001, பெண்ணுக்கு 501. 2016இல் அறிமுகமான 12 இலக்க அட்டையிலும் இதுவே முறை.

அந்த வரியை ஒருவர் அழித்தால் ஆண்களின் விபரம் சரியாகவே இருக்கும். பெண்களின் பிறந்த திகதிகள் மட்டும் பிழைத்துப்போகும். கடனுக்கு விண்ணப்பித்த சகோதரி அலைய வேண்டிவரும்.

நிரலில் ‘கழி’ என்ற கட்டளை மட்டுமே இருக்கிறது. காரணம் உதவியாளருடன் நான் நடத்திய உரையாடலில் இருக்கிறது. அடுத்தவர் அதைப் பார்க்கப்போவதில்லை. ஆகையால் அந்த வரிக்கு மேலேயே குறிப்பு எழுதுகிறேன்: என்ன கேட்டேன், எதை ஏற்றேன், எதை ஏன் தவிர்த்தேன், எவருடைய அட்டையை வைத்துச் சரிபார்த்தேன், எந்தத் திகதியில். குறிப்பென்று அடையாளமிட்டால் கணினி அதைக் கடந்து போகும்; மனிதர் வாசிப்பர்.

இடப்பெயர்வில் உறுதிகளையும் சான்றிதழ்களையும் தொலைத்தவர்கள் நாம். விளக்கம் தெரிந்தவரையே இழந்த வீடுகளும் உண்டு. நாளை இந்தக் கதிரையில் இருக்கப்போகும் சகோதரி எவரையும் தேடி அலையாமல் வேலையைத் தொடரட்டும்.