எச்சில் குறடு

பல் டாக்டரிடம் போகிறவர்கள் சாதாரணமாக என்ன கேட்பார்கள்? "வலிக்குமா டாக்டர்?" என்று கேட்பார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் "எவ்வளவு ஆகும்?" என்பார்கள். எங்கள் அத்தை கேட்டாரே ஒரு கேள்வி, அதை நான் அதுவரை யார் வாயிலிருந்தும் கேட்டதில்லை. என் வாயிலிருந்தும் அது வந்ததில்லை. ஒரு நாள் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அந்தக் கதையைத்தான் உங்களிடம் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

அத்தை என்றால் என் மாமியார். வயது 74. பிறந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாமே புதுச்சேரி குருசுக்குப்பம்தான். அவருடைய தகப்பனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எங்கள் ஊர் வழக்கில் சொன்னால் 'சொல்தா'. அந்தத் தாத்தாவிடமிருந்து அத்தைக்குச் சீதனமாக வந்தவை ஒரு பழைய மேஜைக் கடிகாரமும் நாலைந்து பிரெஞ்சு வார்த்தைகளும். அவற்றில் ஒன்று 'ப்ரோப்ர்'. சுத்தம் என்று அர்த்தம். வீட்டில் பாத்திரம் தேய்க்கிற பெண் முதல் பேரன் வரை எல்லாரும் தினம் ஒரு தடவையாவது, "என்ன, ப்ரோப்ரா இருக்கா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

எச்சில் விஷயத்தில் அத்தை மகா கண்டிப்பு. தம்ளரை உதட்டில் வைத்துக் குடித்தால் அதை உடனே கழுவிக் கவிழ்க்க வேண்டும். ருசி பார்த்த கரண்டி மறுபடி குழம்புக்குள் போகக் கூடாது. இப்படிப்பட்டவருக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று உடைந்து, கன்னம் வீங்கி, "எடுத்துத்தான் ஆக வேண்டும்" என்று தீர்ப்பாகிவிட்டது.

டாக்டர் ஒரு பெண்மணி. எங்கள் வீட்டுப் பெண் மாதிரி சின்ன வயது. ரத்த அழுத்தம் பார்த்தார், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று விசாரித்தார். அப்புறம் தட்டு வந்தது. அத்தை தட்டைப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொன்னால் இறுக மூடிக் கொண்டார். பிறகு கேட்பதற்காக மட்டும் திறந்தார்.

"ஏம்மா, இந்தக் கொறடு இதுக்கு முன்னே யாரு வாயிலே போச்சு?"

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல் இருந்தது. "அத்தை, சும்மா இருங்க" என்று கையைப் பிடித்தேன். ஆனால் வாசகர்களே, வெட்கப்பட்டது என் முகம் மட்டும்தான். உள்ளுக்குள் வேறொன்று குத்திற்று.

இரண்டு வருஷத்துக்கு முன்பு என் மகனை வேறோர் இடத்துக்குப் பல் பிடுங்க அழைத்துப் போயிருந்தேன். எங்கே என்பது வேண்டாம். எங்களுக்கு முன்னால் ஒருவர் வாயில் பஞ்சோடு எழுந்து போனார். அவருக்குப் பயன்பட்ட குறட்டை உதவியாளர் குழாயில் காட்டி, சிவப்பாக ஏதோ ஒரு திரவம் இருந்த தட்டில் முக்கி, உதறி, என் மகன் பக்கத்தில் வைத்தார். நான் பார்த்தேன். கண்ணாரப் பார்த்தேன். கேட்கவில்லை. டாக்டர் கோபித்துக் கொள்வாரோ, படித்தவருக்கு நாம் சொல்லிக் கொடுப்பதா என்று ஒரு கூச்சம். ஒரு கத்தரிக்காய்க்குப் பத்துக் கேள்வி கேட்டு வாங்குகிற நான், பெற்ற பிள்ளையின் வாய்க்குள் போகிற இரும்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் எங்களுக்குத் தெரிந்த ஒரு டாக்டரிடம் ஓடினேன். 'ஹெபடைடிஸ் பி' என்கிற காமாலைக் கிருமி உலர்ந்த ரத்தத்தில்கூடக் குறைந்தது ஏழு நாள் உயிர்ப்போடு இருக்கும் என்பதை அன்றுதான் தெரிந்து கொண்டேன். பையனுக்குச் சிறு வயதில் தடுப்பூசி போட்ட சீட்டு வீட்டில் எங்கும் அகப்படவில்லை. உடனே ஓர் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று; நடுவில் ரத்தப் பரிசோதனைகள். அந்த ஆறு மாதமும் அவன் "பசிக்கலேம்மா" என்றால் போதும், நான் அவன் கண் வெள்ளையில் மஞ்சள் தேடுவேன். கடைசியில் ஒன்றும் இல்லை என்றுதான் வந்தது. ஆனால் அத்தையிடம் இதைப் பற்றி நான் மூச்சு விடவில்லை.

இப்போது கேள்வி கேட்ட அத்தைக்கு டாக்டர் என்ன பதில் சொன்னார்? கையுறையைக் கழற்றினார். "வாங்கம்மா, உள்ளே வந்து பாருங்க" என்று எழுந்து விட்டார்!

பின்னால் ஓர் அறை. அதன் சொந்தக்காரி போல் ஒரு நடுத்தர வயது அம்மாள் முழங்கை வரை தடித்த ரப்பர் உறை மாட்டிக் கொண்டு நின்றிருந்தார். பயன்படுத்திய குறடுகள் ஒரு தொட்டியில் நுரைத் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தன. "ரத்தம் காயறதுக்குள்ளே ஊறப் போட்டுடணும் பாட்டி. காய்ஞ்சிட்டா மூட்டுக்குள்ளே ஒட்டிக்கும், அப்புறம் எந்தச் சூடும் உள்ளே போகாது" என்றார்.

"சோறு காய்ஞ்ச பானை மாதிரி" என்றார் அத்தை. இருவருக்கும் அந்த நிமிஷமே சிநேகமாகிவிட்டது.

ஊறியவை அடுத்தபடியாக ஒரு சிறிய பெட்டித் தொட்டிக்குள் போகின்றன. அதில் காதுக்குக் கேளாத ஒலி அலைகள் தண்ணீரைக் கோடிக் கோடிக் குமிழிகளாக உடைத்து, பிரஷ் நுழையாத இடுக்கிலிருந்தும் அழுக்கைக் கிளப்பிவிடும். அதன் பிறகும் மிச்சம் இருந்தால் பிரஷ் போட்டுத் தேய்ப்பது, அதுவும் தண்ணீருக்கு அடியில் வைத்துத்தான். மேலே வைத்துத் தேய்த்தால் முகத்தில் தெறிக்கும். பிறகு அலசி, துடைத்து, பூதக்கண்ணாடியில் மூட்டைப் பார்க்கிறார்கள்.

பார்க்காவிட்டால் எங்கள் ஊர்க் கடல் விடாது! உப்புக் காற்றில் ஜன்னல் கம்பி என்ன பாடுபடுகிறது என்பது கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்களுக்குத் தெரியும். எவர்சில்வர் என்றால் என்றைக்குமே துருப்பிடிக்காது என்று நாம் நினைக்கிறோம். அப்படியில்லையாம்; மெதுவாகப் பிடிக்கும், அவ்வளவே. உப்புத் தண்ணீரிலோ, தரை கழுவுகிற வெளுப்பு மருந்திலோ நெடுநேரம் ஊற வைத்தால் அதன் மேல் சிறு குழிகள் விழும். குழி விழுந்த குறடு, கிருமி குடியிருக்கும் வீடு. பழுப்புப் புள்ளி தெரிந்தால் பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்த்துப் பார்க்கிறார்கள்: போய்விட்டால் வெறும் கறை, போகாமல் அடியில் குழி தென்பட்டால் துரு, அந்தக் குறடு வேலையிலிருந்து விலக்கு. மூட்டுக்கு எண்ணெய் உண்டு. ஆனால் நம் தையல் மெஷின் எண்ணெய் அல்ல; அது மெழுகுபோல் படிந்து நீராவியை உள்ளே விடாதாம். தண்ணீரில் கரைகிற ஒரு தனித் திரவம்.

அப்புறம் உறையில் போடுகிறார்கள். ஒரு பக்கம் காகிதம், ஒரு பக்கம் கண்ணாடித்தாள். குறடு வாயை மூடிக் கொள்ளாமல் திறந்தபடி உள்ளே இருக்க வேண்டும். உறை போய்ச் சேருகிற இடம்தான் 'ஆட்டோகிளேவ்'.

அத்தை அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இது குக்கரு!" என்றார்.

அது குக்கரேதான். இரண்டுக்கும் மூதாதை ஒன்று. டெனிஸ் பாப்பேன் என்ற பிரெஞ்சுக்காரர் 1679-ல், எலும்பையும் மெத்தென்று வேக வைக்கிற மூடிய பாத்திரம் ஒன்றை லண்டனில் செய்து காட்டினார். சரியாக இருநூறு வருஷம் கழித்து, 1879-ல், பாரிஸில் லூயி பாஸ்டரிடம் வேலை பார்த்த ஷார்ல் ஷாம்பர்லான் அதே தத்துவத்தில் கிருமி கொல்லும் பாத்திரம் செய்தார். சாதாரணமாகத் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். எவ்வளவு எரித்தாலும் அதற்கு மேல் சூடேறாது. அந்தச் சூட்டுக்குப் பல கிருமிகள் சாகும். ஆனால் விதைபோல் ஓடு கட்டிக்கொண்டு உறங்கும் சில கிருமிகள் "இதென்ன பிரமாதம்" என்று தப்பித்துக்கொள்ளும். அழுத்தம் கூட்டினால் நீராவி 121 டிகிரிக்குப் போகும்; அதில் 15 நிமிஷம், அல்லது 134 டிகிரியில் 3 நிமிஷம் நின்றால் அவையும் காலி. அதற்காக டாக்டர்கள் வீட்டுக் குக்கரை எடுத்து வந்துவிடலாம் என்று அர்த்தமில்லை. உள்ளே இருக்கும் காற்று முழுதும் வெளியேற வேண்டும், கடைசியில் உறை நன்றாக உலர வேண்டும். ஈர உறையின் வழியே கிருமி மறுபடி உள்ளே ஊறி வந்துவிடும். ஈரம் போகாமல் டப்பாவில் அடைத்த வடகத்தின் கதிதான்.

உறையின் ஓரத்தில் ஒரு பட்டை. சூடு பட்டால் நிறம் மாறும். "அப்போ நிறம் மாறிட்டா ப்ரோப்ர்" என்றார் அத்தை. அங்கேதான் டாக்டர் என் மனத்தில் உயர்ந்துவிட்டார். "இல்லேம்மா. நிறம் மாறினா சூட்டுக்குள்ளே போய் வந்திருக்குன்னு மட்டும்தான் அர்த்தம். கிருமி செத்துதான்னு அது சொல்லாது" என்றார். அதற்காகவே, எளிதில் சாகாத ஒருவகைக் கிருமியின் விதைகளை வாரம் ஒருமுறை சிறு குப்பியில் உள்ளே வைத்து எடுத்து, அவை முளைக்கின்றனவா என்று பார்ப்பார்களாம். முளைத்தால் மெஷினில் கோளாறு. தேதி போட்ட நோட்டுப் புத்தகத்தையும் காட்டினார்.

அத்தை திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் கண் முன்னாலேயே புது உறை கிழிக்கப்பட்டது. ஊசி புதிது, அது ஒரே தடவைதான்.

மரத்துப் போவதற்காகக் காத்திருந்த நேரத்தில் குறடுகளைப் பார்த்தேன். ஏன் இத்தனை? மேல் வாய்க்கு ஒரு வளைவு, கீழ் வாய்க்கு அலகு செங்குத்தாகத் திரும்பியது. மேல் கடைவாய்ப் பல்லுக்கு மூன்று வேர், அதில் இரண்டு கன்னப் பக்கம். ஆகவே கன்னப் பக்க அலகில் மட்டும் ஒரு கூர் இருக்கும், இரு வேருக்கும் நடுவில் உட்கார. இதனால் மேல் வாயில் வலதுக்கும் இடதுக்கும் தனித்தனிக் குறடு, செருப்பு ஜோடி மாதிரி! கீழ்க் கடைவாய்க்கு இரண்டே வேர், ஒன்றன் பின் ஒன்றாக. அதனால் இரண்டு அலகிலும் கூர். பல்லின் உருவத்துக்குத் தகுந்தபடி குறடு செய்கிற இந்த முறையை 1841-ல் எழுதி வெளியிட்டவர் லண்டன் டாக்டர் ஜான் டோம்ஸ். செய்து கொடுத்த கைவினைஞர் எவ்ரார் ஒரு பிரெஞ்சுக்காரர். அதற்கு முன்பு கதவுச் சாவி போன்ற ஒரு கருவியைப் பல்லில் கொக்கி போட்டுத் திருகுவார்களாம். பல்லோடு சில சமயம் தாடையும் வரும்.

அதற்கும் முன்னால் பாரிஸ் பாலங்களில் மேளம் அடித்துப் பல் பிடுங்கும் ஆட்கள் இருந்தார்கள். கூச்சல் கேட்காமலிருக்கத்தான் மேளமோ என்னவோ! "பல் பிடுங்குகிறவன் மாதிரி பொய் சொல்றான்" என்பது பிரெஞ்சுக்காரர்களின் பழமொழி. அத்தையின் தகப்பனார் அடிக்கடி சொல்வாராம். இந்தத் தொழிலுக்குக் கௌரவம் தேடித் தந்தவர் பியேர் ஃபோஷார். 1728-ல் அவர் எழுதிய நூலில் அந்நாள் கருவிகளை எல்லாம் படம் போட்டு விளக்கினார். பல்லைப் புழு அரிக்கிறது என்ற நம்பிக்கை அங்கும் இருந்தது. அவர் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியில் தேடிப் பார்த்துவிட்டு, புழுவைக் காணோம் என்று எழுதி வைத்தார். நம் சந்தைகளில் காதுப் பக்கம் குழல் வைத்துப் பல் புழு எடுத்தவர்கள் அவரைப் படிக்கவில்லை, பாவம்.

பல்லைப் 'பிடுங்குவது' என்கிறோமே, அது தப்பு. டாக்டர் பிடுங்கவே இல்லை. முதலில் நெம்புகோல் என்கிற சிறு கருவியைப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் வைத்து மெள்ளத் திருப்பினார். ஆள்காட்டி விரல் அதன் தண்டின் மேலேயே இருந்தது, வழுக்கினால் தடுக்க. இதன் முனை கூராக இருக்க வேண்டுமாம். அவ்வப்போது கல்லில் தீட்டுவார்கள். மழுங்கியதுதான் வழுக்கிக் கன்னத்தைக் கிழிக்கும். மழுங்கின அரிவாள்மனைதான் விரலை வெட்டும் என்பது உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? பிறகு குறடு. கீழ் நோக்கி அழுத்தினார்; அப்புறம் கன்னப் பக்கமும் நாக்குப் பக்கமும் அசைத்தார். ஈர மண்ணில் அறைந்த முளையை ஆட்டி ஆட்டி எடுக்கிற மாதிரி. எலும்பு கொஞ்சம் விரிந்து இடம் விட்டதும் பல் தானாக வந்தது.

காஸ் துணியை வைத்து, "முக்கால் மணி கடிச்சுக்கிட்டே இருங்க. பேசக் கூடாது. இன்னிக்கு முழுக்கத் துப்பக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது, குழல் வச்சு உறிஞ்சக் கூடாது" என்றார் டாக்டர். உறைந்த ரத்தம்தான் அந்தக் குழிக்கு மூடி. அது பெயர்ந்தால் இரண்டு மூன்று நாளில் எலும்பு வெளியே தெரிந்து வலி உயிரை வாங்குமாம். உப்புத் தண்ணீர்க் கொப்பளிப்பு மறுநாளிலிருந்துதான்.

ஆட்டோவில் வீட்டுக்கு வந்தோம். அத்தை ஊஞ்சலில் உட்கார்ந்து, மேஜைக் கடிகாரத்தையே பார்த்துக் கொண்டிருந்தார். இன்னும் அரை மணி பாக்கி. அத்தை பேச முடியாத அரை மணி நேரம் என் கல்யாண வாழ்க்கையில் இதற்கு முன் வாய்த்ததில்லை. அந்தத் தைரியத்தில் பையன் விஷயம் முழுதையும் சொல்லிவிட்டேன். சிவப்புத் தண்ணீர், நான் வாயை மூடிக் கொண்டு நின்றது, ஆறு மாதம், எல்லாம். அத்தை என்னைப் பார்க்கவில்லை. பாதியில் ஊஞ்சல் மட்டும் நின்றது.

மணி ஆனதும் துணியை எடுத்து, சுருட்டி, காகிதத்தில் மடித்துக் குப்பையில் போட்டுக் கையைக் கழுவிக் கொண்டு வந்தார்.

"மூணாவது ஊசி போட்டாச்சா அவனுக்கு?"

"போட்டாச்சு அத்தை."

"சீட்டு?"

"பீரோவிலே பத்திரமா இருக்கு."

"சரி. கஞ்சி ஆறிடுச்சா பாரு" என்றார்.